தோலுரித்த மலைக்கு வரத்துக்கால் வெட்டிய கதை

1

ஊரிலிருந்து யார் இங்கே வந்தாலும் முதலில் கேட்பது, "தங்கத்தக் கண்ணால பாத்தியா?" என்பதுதான். பார்த்ததில்லை. மைசூர்ச் சீமைக்கு வந்து தலை பாதி நரைத்துவிட்டது. என் மகள் தங்கம்மாவைத் தவிர வேறு தங்கம் எதையும் நான் கிட்டத்தில் கண்டதில்லை. கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிற நம் ஆட்களும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கருங்கல்லைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் அந்தக் கல்லைக்கூடப் பார்க்காதவன். விறகு டிப்போ மேஸ்திரி.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: தண்ணீர் எங்கே குடிக்கிறாய்? நேற்றுக் கடைத்தெருவில் கம்பெனியின் தமுக்குக்காரன் என்னைப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, உங்க குட்டை இன்னும் உசுரோட கீதா?" என்று பல்லைக் காட்டினான். அவனை ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கொடுத்த தமுக்கை அடித்தவன் அவன், பாவம். அடிக்கச் சொன்னவர்களைப் பற்றி நம் குடியாத்தம், போளூர், ஆரணிப் பக்கத்து ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த ரயிலுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் முக்கியமாக.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது மூங்கில் தட்டி வீடுகள். வரிசை வரிசையாக நிற்பதால் லைன் என்று பெயர். லைனுக்குப் பின்னால் ஒரு குட்டை, குட்டைக்குப் பின்னால் ஒரு மலை. பக்கவாட்டில் ஒரு சாம்பல் நிற மேடு. மில்லில் கல்லை இடித்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை அங்கே கொட்டுகிறார்கள். தங்கத்தைக் கரைக்கிற மருந்து அதில் ஊறியிருக்கிறது. அந்த மேட்டில் புல் முளைக்காது. அங்கிருந்து வடிகிற தண்ணீரைக் குடித்த மாடு வீடு திரும்பாது.

லைனில் இருக்கிற அத்தனை பேருக்கும் குடிதண்ணீர் அந்தக் குட்டை ஒன்றுதான். அதை விட்டால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. வெந்தாலும் வாயில் வைக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று கம்பெனி ராப்பகலாக எஞ்சின் வைத்து அதை இறைத்து வெளியே கொட்டுகிறது. பூமிக்குக் கீழே வெள்ளம், மேலே வறட்சி. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று பெரிய துரை வீட்டுச் சமையல்காரரைக் கேட்டேன். "குடிக்கலாம். ஒரே ஒருதரம்" என்றார்.

2

மலைக்குக் கரடி மலை என்று பெயர். கரடி இருந்ததாம். நான் வந்தபோது கரடி போய்விட்டது, காடு மிச்சமிருந்தது. துரிஞ்சி, வெள்வேல், புரசு, ஆவாரை, நடுநடுவே ஆள் நுழைய முடியாத காரை முள். மழை பெய்தால் தண்ணீர் உடனே இறங்கிவிடாது. இலையில் நின்று, சருகில் ஊறி, ஆற அமர சுக்குத் தண்ணீர் நிறத்தில் குட்டைக்கு வந்து சேரும்.

பிறகு பாய்லர்கள் பெருகின. கூண்டை இழுக்க ஓர் எஞ்சின், தண்ணீர் இறைக்க ஒன்று, கல் இடிக்க ஒன்று. எல்லாவற்றுக்கும் தீனி விறகு. சுரங்கத்துக்குள் பாறை தலையில் விழாமல் முட்டுக்கொடுக்கவும் மரம்தான். முதலில் டிப்போவுக்கு மரம் வந்தது. பிறகு கிளை வந்தது. பிறகு அடிக்கட்டைத் தூர் வந்தது. பிறகு வேர் வந்தது, மண் ஒட்டிக்கொண்டு. அத்தனையையும் அளந்து உள்ளே விட்டவன் நான்தான். என் வீட்டுச் சோறு அந்த மலையிலிருந்துதான் இறங்குகிறது. வேரும் தீர்ந்த பிறகு மலையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, "இதுவும் எரியும் மேஸ்திரி" என்று சொல்வார்களோ என்று எனக்குப் பயம்.

கொண்டுவருகிறவர்கள் மலையடிவாரத்துக் குடியானவர்கள். அவர்களில் முனிவெங்கடப்பா எனக்குப் பழக்கம். பேத்தமங்களா போகிற வழியில் அவனுக்கு ஒரு ராகிக் கொல்லை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னோடு சண்டை போடத் தமிழ். ராகி விதைக்க வேண்டிய பருவத்தில் ஒருநாள் வண்டி நிறையத் தூரோடு வந்து நின்றான்.

"இன்னா முனிவெங்கடப்பா, ஏர் ஓட்ற நேரத்துல வெறகு ஓட்டிகினு வர்றே?"

"வான லேது மேஸ்திரி. மழ வந்தா ராகி, வரலன்னா வெறகு. எனக்குக் கீறது ரெண்டே பயிரு."

"மலையில மரம் போனதாலதான் மழ ஒழுங்கா வரலன்றாங்க."

"இருக்கும். மழ வரலன்னுதான நான் மரம் வெட்றேன். எது மொதல்லன்னு நீ குந்தி யோசி. மாடு நிக்குது, எனக்கு அளந்து வுடு."

யோசித்தேன். மரம் போனால் மழையே நின்றுவிடும் என்று நான் கற்பூரம் அணைத்துச் சொல்ல மாட்டேன். துரைமார்களுக்குள்ளேயே அதில் தகராறு. ஆனால் வெயில் ஏறியிருப்பது என் முதுகுக்குத் தெரியும். காற்றில் மண் பறப்பது என் சோற்றுக்குத் தெரியும். மழை வராத வருஷத்தில் குடியானவன் மலைக்கு ஏறுகிறான். அவன் ஏறி இறங்க இறங்க, அடுத்து வருகிற மழை நிற்க இடமில்லாமல் ஓடிப்போகிறது. ஓடிப்போனதால் கொல்லை காய்கிறது. கொல்லை காய்ந்ததால் மறுபடி மலைக்கு ஏறுகிறான். செக்கு மாடு மாதிரி அவன் சுற்றுகிறான். செக்கு கம்பெனியுடையது. எண்ணெய் சீமைக்குக் கப்பல் ஏறுகிறது. குடியானவனுக்குப் புத்தியில்லை, காட்டை அழிக்கிறான் என்று பங்களாவில் பேசிக்கொள்கிறார்களாம். வாங்குகிற வாய் எங்கள் டிப்போவில் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருப்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

3

போன கோடையில் குட்டை வற்றி, நடுவில் ஒரு கண் மட்டும் மினுங்கியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் பயந்தால் மூலையில் உட்கார்ந்து பயப்படுகிற ரகமில்லை, லைன் முழுக்கப் பார்க்கும்படி பயப்படுவேன். குடத்துக்கு மூடி போட்டு மூடிமேல் அம்மிக் குழவியை வைத்தேன். முகம் கழுவுவதை நிறுத்தினேன். மேகம் தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்தபடி நடந்து ஓர் எருமைமேல் மோதினேன். எருமை மன்னித்துவிட்டது. என் மனைவி கன்னியம்மா மன்னிக்கவில்லை.

"இன்னாய்யா, குடத்த மூடி வெச்சா உள்ள தண்ணி குட்டி போடுமா?"

அந்தப் பயத்தில்தான் எனக்கு ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. நம் பக்கத்தில் மழைக்கு முன்னால் பறை சாற்றுவார்கள், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். மலையிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலைத் தூர் எடுத்து, முள் வெட்டி, கரை கட்டுவோம். அந்த வேலைக்குப் பயந்து நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட வருஷங்களும் உண்டு. ஆனால் வரத்துக்கால் சுத்தமாக இருந்தால் ஏரி நிறையும் என்பது நமக்கெல்லாம் பால்குடியிலேயே தெரிந்த சங்கதி.

தங்கம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நம்ம ஊரு ஏரிக்கு..."

"யாரு ஊரு நைனா?"

"நம்ம ஊரு."

"உங்க ஊரு ஏரி. எங்க ஊருக்குக் குட்டைதான்."

இங்கே பிறந்தவள். ஆடு மேய்க்கிற பெண்களோடு கன்னடம் பேசுவாள், சண்டைக்குத் தெலுங்கு, பசித்தால் மட்டும் தமிழ். அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கணக்கு சரிதான். எனக்குத் திரும்பிப் போக ஓர் ஏரி இருக்கிறது, போகாவிட்டாலும் இருக்கிறது. அவளுக்கு இருப்பது இந்தக் குட்டைதான்.

அடுத்த தட்டியில் இருக்கிற தாவீதிடம் சொன்னேன். சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுக்கிற வேலைக்காரன், போளூர்ப் பக்கம், தேவாலயத்தில் பாட்டுக்கு முதல் குரல். நான் எதைச் சொன்னாலும் மறுக்கிறவன் இதை மறுக்கவில்லை. "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றான். அது பொய், ஆனால் நல்ல பொய்.

உத்தரவு கேட்க ஸ்டோர் துரையிடம் போனோம். விறகும் லைனும் அவர் பொறுப்பு. சட்டைக்காரர், தகப்பன்வழியில் வெள்ளைக்காரர், தமிழ் நம்மளவுக்குப் பேசுவார்.

"மலை சமஸ்தானத்தோடது," என்றார். "குட்டை கம்பெனியோடது. நடுவுல கீற கால்வாய் என் மேப்புல இல்ல."

"அப்ப யாரக் கேக்கணும் தொரை?"

"யாரோடதும் இல்லாததுக்கு யாரக் கேப்பே? எங்கிட்ட கேக்காதே."

கேட்காதே என்றால் செய் என்று அர்த்தம் என நாங்கள் எடுத்துக்கொண்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்காரர்கள் ஜெபம் முடித்து வந்தார்கள், மற்றவர்கள் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தூங்காமல் வந்தார்கள். நம் ஊரில் செய்கிற மாதிரியே, மலையடியிலிருந்து குட்டை வரைக்கும், மணல் மேட்டை ஒட்டி, நேராக, அழகாக வெட்டினோம். அவ்வளவு நேர்த்தியான வரத்துக்கால் நம் ஜில்லாவிலேயே இருக்காது. நானே கரையில் நின்று பெருமூச்சு விட்டேன்.

4

மழை ஒரு மத்தியானம் வந்தது. வரவேண்டியதெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே தவணையில் வந்தது. லைன் முழுக்க வெளியே நின்று நனைந்தோம். நான் கரைமேல் ஏறி ஆடினேன். ஆடத் தெரியாது என்பது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

கால்வாயில் சத்தம் கேட்டது. தண்ணீர் வந்தது. தண்ணீர் என்று பழக்கத்தில் சொல்கிறேன். சிவப்பாக, கெட்டியாக, ராகிக் கூழ் பதத்தில், கல்லை உருட்டிக்கொண்டு வந்தது. இலையில்லை, சருகில்லை, பிடித்து நிறுத்த ஒரு வேரில்லை. மலை தன் தசையை அப்படியே எங்கள் கால்வாயில் ஊற்றிவிட்டது. நாங்கள் வெட்டாமல் விட்டிருந்தால் அது பாதி வழியில் கொல்லைகளில் பரந்து நின்றிருக்கும். நாங்கள்தான் நேராக வழி போட்டுக் கொடுத்தோமே. நான் தூக்கிய கையை இறக்க மறந்து அப்படியே நின்றேன்.

"மேஸ்திரி, கைய எறக்கு, அங்க பாரு" என்று தாவீது கத்தினான். மணல் மேடும் கரைய ஆரம்பித்திருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு நாக்கு மேட்டிலிருந்து நீண்டு எங்கள் கால்வாயைத் தேடி வந்துகொண்டிருந்தது. அது விழுந்தால் குட்டையில் வாய் வைக்கிற ஜீவன் எதுவும் மிஞ்சாது.

"ஐயோ, ஐயோ" என்று ஊக்கப்படுத்துகிற பணியை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். தாவீது கடப்பாரையோடு இறங்கி, நாங்கள் ஆசையாகக் கட்டிய கரையை உடைத்துக் கால்வாயைப் பாட்டையோரப் பள்ளத்துக்குத் திருப்பினான். சாம்பல் தண்ணீர் அந்த வழியாகப் போயிற்று. குட்டை தப்பியது. ஆனால் அதற்குள் கரை வரைக்கும் சேறு நிரம்பிவிட்டது.

தாவீது மேலே ஏறி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னா மேஸ்திரி, தண்ணியக் கொண்டாரச் சொன்னா மலையக் கொண்டாந்துட்டியே."

5

சேறு காய்வதற்குள் தமுக்கு வந்தது. கூலிக்காரர்கள் உத்தரவில்லாமல் கால்வாய் வெட்டிக் குட்டையைக் கெடுத்துவிட்டார்களாம். அது இனிக் குடிக்க உதவாதாம். வருகிற திங்கட்கிழமை முதல் அங்கே மில் மணல் கொட்டப்படுமாம். மேடு நிறைந்துபோய் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு பள்ளம் கிடைத்துவிட்டது.

நாங்கள் செய்தது பிழைதான். தோல் இருக்கிற மலைக்குச் செய்கிற காரியத்தை, தோலுரித்த மலைக்குச் செய்தோம். நம் ஜனங்களைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை இவ்வளவு ஒற்றுமையாகச் செய்திருக்க முடியாது. ஆனால் தோலை உரித்தது யார்? தமுக்கில் அது வரவில்லை. இல்லாத கால்வாய்க்கு, மேப்பில் வராத கால்வாய்க்கு, திடீரென்று உத்தரவு எங்கிருந்து தேவைப்பட்டது? அதுவும் வரவில்லை. மலை சமஸ்தானத்துடையது, விறகு கம்பெனியுடையது, குற்றம் மட்டும் கூலிக்காரனுடையது. சுத்தமான பாகப்பிரிவினை.

மறுநாள் முனிவெங்கடப்பா வந்தான், எங்களைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே வந்தான். சிரித்து முடித்துக் குனிந்து சேற்றை அள்ளிக் கையில் பிசைந்தான். முகம் மாறிவிட்டது.

"மேஸ்திரி, இது மலைமேல் மண்ணு. தழ மக்கின மண்ணு. இத இன்னா பண்ணப் போறீங்க?"

"குடிக்கப் போறோம்."

"எனக்குக் குடு. கொல்லைக்குப் போட்டா ரெண்டு வருசம் ராகி வெளையும்."

சாயங்காலத்துக்குள் அடிவாரத்து வண்டிகள் அத்தனையும் குட்டையைச் சுற்றி நின்றன. எங்கள் ஆட்கள் ஷிப்ட் முடிந்ததும் அப்படியே கூடையும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். பெண்கள் வரிசையில் நின்று கூடை மாற்றினார்கள். திங்கட்கிழமைக்குள் குட்டையின் அடி தெரிந்துவிட்டால், கெட்டுப்போயிற்று என்ற பேச்சுக்கு இடமில்லை. அவ்வளவுதான் எங்கள் திட்டம்.

அதில் ஒன்றை நான் கவனிக்கவில்லை. வண்டியெல்லாம் வண்டல் ஏற்றினால் விறகு ஏற்றுவது யார்? சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் பயத்தில் செய்திருக்கவே மாட்டேன். டிப்போவில் அடுக்கு கரைந்தது. பாய்லருக்கு விறகு தள்ளுகிறவன் வந்து, "இன்னிக்கு ஓட்டிடலாம், நாளைக்கு உன்னத்தான் உள்ள தள்ளணும்" என்றான். ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு வழக்கமான அலறலை விட்டு இருமிக்கொண்டு நின்றது. எனக்குக் காய்ச்சல் மாதிரி வந்தது. இதற்கெல்லாம் தலைவன் நான்தான் என்று கட்டிவைத்துவிடுவார்கள் என்று, எப்படிக் கட்டுவார்கள், எந்த மரத்தில் கட்டுவார்கள் என்பது வரைக்கும் யோசித்தேன். கட்டுவதற்கு இங்கே மரம் இல்லை என்பது நினைவுக்கு வந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஞாயிறு பொழுது சாய்கிற நேரத்தில் ஸ்டோர் துரை கரைக்கே வந்துவிட்டார், வெயிலில் வேர்த்து விறுவிறுத்து. "மேஸ்திரி, டிப்போவுல வெறகு இல்ல. வண்டியெல்லாம் எங்கய்யா?"

என்ன பேசவேண்டும் என்று நான் இங்கிலீஷில் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். "குட் மார்னிங் சார்" என்று வந்தது. சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

கன்னியம்மா கூடையைக் கீழே வைத்தாள். "கெட்டுப்போன சேத்த அள்றோம் தொரை. நீங்கதான கெட்டுப்போச்சுன்னு தமுக்கு போட்டீங்க?"

அவர் எட்டிப் பார்த்தார். சேறு போன இடத்தில் பழைய அடிமணல் தெரிந்தது. நடுவில் நாங்கள் தோண்டிய ஊற்றில் தண்ணீர் தெளிந்து நின்றது. கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

அவள் ஊற்றில் செம்பை முக்கி நீட்டினாள். அண்ணாந்து முழுக்கக் குடித்தார்.

"நல்லா கீதா தொரை?"

"ம். நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அதையும் ஒரு தமுக்கு போட்டுச் சொல்லிடுங்க."

சேற்றில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது, அதை மீசைக்குள் வைத்துக்கொண்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார்.

"மணல் இங்க கொட்டாம நான் பாத்துக்கறேன். பெரிய துரைக்கு நான் சொல்லிக்கறேன். ஆனா நாளைக்குக் காலையில வண்டியெல்லாம் மலைக்குப் போவணும். பாய்லர் நிக்கக் கூடாது."

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்?

6

மணல் வரவில்லை. குட்டையில் தண்ணீர் குடிக்கிறோம். நீங்கள் சந்தோஷப்படலாம். எனக்கு வயிறு எரிகிறது. குட்டையை விட்டுக்கொடுத்தார்கள், மலையை எடுத்துக்கொண்டார்கள். அந்த மலையின் மீதியும் மொட்டையானால் அடுத்த மழையில் அது தானாகவே வந்து குட்டையை மூடிவிடும், யாரும் தமுக்கு அடிக்கவே வேண்டியதில்லை. நியாயம் செய்ததாக நினைத்துக்கொண்டு எங்களுக்கு இதைச் செய்திருக்கிறார்கள். காவிரியில் தண்ணீரை விழவைத்து, அதன் பலத்தைக் கம்பி வழியாக இங்கே கொண்டுவந்து எஞ்சின் ஓட்டப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு நடக்கிறது. அது வந்தால் விறகு டிப்போவுக்குப் பூட்டு, எனக்கும் வேலையில்லை. வரட்டும். அது வருகிற வரைக்கும் மலையில் ஏதாவது மிச்சமிருக்க வேண்டும்.

வண்டிகள் திரும்பிய முதல் காலையில் முனிவெங்கடப்பா தூரும் வேருமாக ஏற்றிக்கொண்டு டிப்போ வாசலில் நின்றான்.

"தூரு வாணாம்" என்றேன். என் குரல் எனக்கே பெண் குரல் மாதிரி கேட்டது.

"இன்னா?"

"தூரு, வேரு வாங்க மாட்டேன். கெளைய மட்டும் வெட்டிகினு வா. தூர மண்ணுலயே வுடு. துரிஞ்சித் தூரு மறுபடி தழையும்."

"எந்தத் தொரை சொன்னான்?"

"நான் சொல்றேன்."

"நீ சொல்றியா." மாட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இத்தினி வருசமா வாங்கித் துன்னுட்டு இன்னிக்கு உனக்குப் புத்தி வந்திச்சா? கெளைக்குப் பாதி வண்டிதான் ரொம்பும். என் வூட்ல பாதி பேரு துன்னா போதுமா?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். பாட்டை முழுக்க என்னையும் என் வம்சத்தையும் தெலுங்கில் திட்டிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. அளவுகோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை நிறுத்தினான். வண்டியில் கிளை மட்டும் இருந்தது, பாதிக்குக் கொஞ்சம் மேலே. டிப்போவில் மேஸ்திரி அளந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும், உள்ளே உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை எழுதிக்கொள்வார், எழுதியதற்குத்தான் காசு.

அளந்தேன்.

"முழு வண்டி" என்று கத்தினேன்.